பதினஞ்சு கெஜம்

அந்தத் துணியை அங்கனயே விட்ருங்கம்மா, மடிக்க வேண்டாம். காஞ்சுட்டான்னு நான் பாத்துக்கிடுதேன். ஆமா, மஞ்சத்துணிதான். கோயிலுக்கு நேந்து முடிஞ்சு வச்சதுன்னு நெனச்சியளா? வாரவங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. எங்க வீட்டுச் சாமி வெள்ளிக்கிழமை தோறும் இடுப்புல சொருகிட்டுப் போற துணி அது. ஒரு மூலையில கனமா முடிச்சு இருக்கு பாருங்க, வீசுனா தூரமாப் போய் விழணும்னு. அதுக்குள்ள மொதல்ல மணல் இருந்துச்சு. ஓட்டையாப் போச்சு, தைச்சுக் குடு கோமதின்னாவ. மணலுக்கு நான் எங்க போக? பச்சைப்பயறை அள்ளிப் போட்டுத் தைச்சுக் குடுத்தேன். அந்த வாரம் பூரா மழை. எடுத்துப் பாத்தா முளை விட்டுருக்கு. நிசமாச் சொல்லுதேன். அமெரிக்காவுலயே முளைகட்டின பயறை வீசி அபராதம் போட்ட ஒரே ஆளு எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும்.

உக்காருங்க. டீ ஆறுது பாருங்க. உங்க பையன் ஃபுட்பால்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், சேக்கலாமா வேண்டாமான்னு விசாரிக்க வந்திருக்கிய. மளிகைக்கடையில சொன்னாவளா, அந்த வீட்டுல ரெஃப்ரி இருக்காருன்னு? அதுக்கு மேல வேற ஏதாவது சொன்னாவளா? இல்லையா? சொல்லியிருப்பாவ. நீங்க நல்ல மாதிரி, மறைக்கிய. பரவாயில்ல, நானே சொல்லுதேன். அவிய வாரதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

மொதல்ல இது ஃபுட்பாலே இல்லம்மா. காலுக்கும் பந்துக்கும் சம்பந்தமே கிடையாது. உரிக்காத தேங்கா மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுவான், பத்துப் பேரு அவன் மேல விழுவாவ. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு வட்டமா நின்னு கூடிக் கூடிப் பேசுவாவ. ஆடுதது கொஞ்சம், பேசுதது மிச்சம். நம்ம தமிழ்ச் சங்கக் கூட்டம் மாதிரிதான்னு வச்சுக்கிடுங்க.

அதுல தப்புப் பண்ணினா தண்டனை என்ன தெரியுமா? நடை. அடி கிடையாது, உதை கிடையாது. ரெஃப்ரி பந்தைத் தூக்கிட்டு நடப்பான். தப்புப் பண்ணின பக்கத்துக்காரனைப் பின்னால தள்ளிக்கிட்டே போறதுதான் அபராதம். அவசரப்பட்டு அசைஞ்சுட்டா அஞ்சு கெஜம். சட்டையைப் பிடிச்சு இழுத்தா பத்து. வாயை விட்டா பதினஞ்சு. சேலைக்கடையில அளக்கது மாதிரி கெஜக்கணக்கு. பின்னால போக எடம் இல்லாம கோட்டுக்கிட்ட நின்னான்னா, பாவம்னு மிச்சத் தூரத்துல பாதிதானாம். ரெண்டு பக்கமும் தப்புன்னா ரெண்டும் கழிஞ்சு போச்சாம், மறுபடியும் மொதல்ல இருந்து ஆடுவாவளாம். எங்க சங்கரன்கோயில்ல ரெண்டு பேருக்கும் முதுகுல ரெண்டு வச்சு வீட்டுக்கு அனுப்புவாவ.

அதையெல்லாம் விடுங்க. இதைக் கேளுங்க. தப்பு நடந்தா அப்பவே அபராதம் போட மாட்டாவ. துணியை வீசிட்டு ஆட்டத்தை ஓட விடுவாவ. எல்லாம் முடிஞ்ச பிறகு, யாருக்குத் தப்பு நடந்துச்சோ அந்தப் பக்கத்துக் கேப்டனைக் கூப்பிட்டு, அபராதம் வேணுமா, வேண்டாமான்னு கேப்பாவ. நடந்தது நமக்கு லாபம்னா வேண்டாம்னு சொல்லிரலாம். தப்புப் பண்ணினவன் சிரிச்சிக்கிட்டே போவான். இது ஒரு நியாயமா? பேதில போவான், எவன் இந்தச் சட்டத்தை எழுதினானோ.

இந்தக் கூத்துல எங்க வீட்டு மனுசன் எப்படிப் போய்ச் சேந்தாவன்னு கேக்குதியளா? தெரிஞ்ச பையன் ஆடுதான்னு பாக்கப் போயிருந்தோம், ஒரு நாள் மேட்ச் முடிஞ்சதும் ஒருத்தன் மைக்கைப் பிடிச்சான். ரெஃப்ரிக்கு ஆள் பஞ்சமா இருக்கு, பெத்தவங்க திட்டு தாங்க முடியாம எல்லாரும் விட்டுட்டுப் போறாங்க, திட்டு வாங்கத் தெம்பு இருக்கவங்க வாங்க, நாங்க பழக்கித் தாறோம்னு சொன்னான். அம்புட்டுக் கூட்டத்துலயும் ஒரு கை எந்திரிக்கல. கடைசியில என் பக்கத்துல இருந்து ஒரு கை மேல போகுது. சங்கரலிங்கம், வயசு ஐம்பதுக்கு மேல, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, முட்டுவலி. அம்புட்டுப் பேர் இருக்கையில திட்டு வாங்கத் தனக்குத்தான் தெம்பு இருக்குன்னு இவியளுக்கு எப்படித் தோணுச்சோ, இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

பிறகு வீடு வீடா இல்ல. கறுப்பும் வெள்ளையுமாக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிப்பாவ. ஒரு கையால இன்னொரு மணிக்கட்டைப் பிடிச்சா சட்டையைப் பிடிச்சு இழுத்த குத்தம். ரெண்டு கையையும் பக்கத்துல விரிச்சா வாய்க்கொழுப்பு. ஹால்ல இருந்து அடுப்படி வரைக்கும் அளந்து அளந்து நடப்பாவ. ஒரு எட்டு சரியா ஒரு கெஜம் வரணுமாம். ஒரு நாள் நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், பின்னால இருந்து விசில்! பேதில போற மனுசன், கரண்டி கையில இருந்து விழுந்து அடுப்பெல்லாம் மாவு.

வீட்டுல வாயைத் திறக்காத ஆளும்மா அவிய. நான் பத்து பேசினா ம்ங்கிறதோட சரி. ஆனா மைதானத்துல பாக்கணுமே, அந்த நிமிர்வும் அந்தக் கையசைப்பும். என்னைக் கட்டுதப்போ கூட அந்த மனுசன் அப்படி நிமிந்து நிக்கல.

சரி, கதைக்கு வாரேன். தில்லைநாயகியைத் தெரியுமா? உங்க தெருவுலதான், பச்சைக் கதவு போட்ட வீடு. சிதம்பரத்துக்காரி. ஆஸ்பத்திரியில நர்ஸ். நாங்க இந்த ஒஹையோவுக்கு வந்த புதுசுல எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. குளிரு வேற, பேதில போற குளிரு. அவதான் எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தந்து கடைகண்ணிக்குக் கூட்டிட்டுப் போனா. அவ பிள்ளை நிரஞ்சன் அப்ப நடக்கப் பழகுத வயசு. அவளுக்கு டூட்டி வந்தா பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போவா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதை நான் பெருசா எடுத்துக்கிடுததும் இல்ல. நிரஞ்சன் இருந்தான்லா. அத்தை, அத்தைன்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே வளந்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஞாயித்துக்கிழமை போய் வந்தான், அங்க ஒரு எழவும் படிக்கல. அவன் பேசுத தமிழ் பூராவும் இந்த அடுப்படியில என்கிட்டப் படிச்சது. அதை நான் பெருமையாவே சொல்லுவேன்.

அந்தப் பய வளந்து ஆறடி ஆயிட்டான். ஃபுட்பால்ல சேந்தான். நம்ம ஆளுங்க பிள்ளைங்க ஸ்பெல்லிங் போட்டிக்கும் கணக்குப் போட்டிக்கும் போகும், ஃபுட்பாலுக்கு எவன் போறான்? அதனால சங்கத்துல ஒரே கொண்டாட்டம். தலைவர் செங்குட்டுவன் ஐயா இருக்காருல்லா, மேடைக்கு மேடை பிள்ளைங்க தமிழ் பேச மாட்டேங்குதேன்னு கண்ணீர் விடுதவரு, அவரு நிரஞ்சன் படத்தைப் போட்டு 'தமிழர் வீரம்'னு பேனர் அடிச்சுட்டாரு. வெள்ளிக்கிழமைன்னா சங்கமே மைதானத்துல இருக்கும். ஒரு பக்கம் அவங்க பாண்டு வாத்தியம், இன்னொரு பக்கம் நம்ம மேளம்.

அவன் மேட்ச்சுக்கு இவிய ரெஃப்ரியாப் போறதில்ல. தெரிஞ்ச பையன்னா போகக் கூடாதுல்லா. போன அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை, வர வேண்டிய ரெஃப்ரிக்குக் காய்ச்சல். இவியளைக் கூப்பிட்டாவ. நான் தூக்கி வளத்த பையன் ஆடுதான்னு இவிய சொல்லித்தான் பாத்தாவ. வேற ஆளு இல்ல, உன் மேல நம்பிக்கை இருக்கு, வந்துருன்னு வெள்ளைத்தொப்பி சொல்லிட்டான். வெள்ளைத்தொப்பின்னா ரெஃப்ரிகளுக்கெல்லாம் தலைவன். மத்தவங்களுக்குக் கறுப்புத் தொப்பி. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம பிள்ளை ஆடுதான், நம்ம மனுசன் நடுவுல நிக்காவ, இனி என்ன கவலை? தில்லைகிட்டச் சொன்னேன், உனக்கு இன்னிக்கு மேட்ச் ஜெயிச்ச மாதிரிதான்னு.

கடைசி நேரம் வரைக்கும் நாங்க தோத்துக்கிட்டுதான் இருந்தோம். அப்ப நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் பந்தைத் தூக்கிட்டு ஓடினான் பாருங்க. ஒருத்தன் கையிலயும் சிக்கல. ஓடி ஓடி, கோட்டைத் தாண்டிட்டான். ஜெயிச்சாச்சு! தில்லை என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. செங்குட்டுவன் ஐயா மேளக்காரன்கிட்ட இருந்து குச்சியைப் பிடுங்கி அவரே அடிக்காரு.

எதிர்ப்பக்கத்துக்காரங்க மட்டும் ஏன் சிரிச்சிக்கிட்டு இருக்காவன்னு பாத்தேன். நடு மைதானத்துல, புல்லுல, மஞ்சளா ஒண்ணு கிடக்கு.

ஓடினவனைத் துரத்திப் போன எதிராளி ஒருத்தன் சட்டையை நம்ம நிரஞ்சன் பின்னால இருந்து பிடிச்சு இழுத்திருக்கான். அதை அம்புட்டுப் பேர்ல ஒருத்தனும் பாக்கல. எங்க வீட்டு மனுசன் பாத்திருக்காவ. வீட்டுல கண்ணு முன்னால இருக்க உப்பு டப்பா அவியளுக்குத் தெரியாதும்மா, அங்க மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நின்னிருக்காவ. அபராதம் வேணுமான்னு எதிர்ப்பக்கத்தானைக் கேட்டாவ. வேண்டாம்னு சொல்ல அவனுக்கென்ன கிறுக்கா? ஜெயிச்ச ஆட்டம் இல்லைன்னு ஆயிட்டு. சட்டையைப் பிடிச்ச எடத்துல இருந்து பத்துக் கெஜம் பின்னால.

அதோட போயிருந்தாலும் பரவாயில்ல. நிரஞ்சன் திரும்பிப் பாக்கான், துணியைக் குனிஞ்சு எடுக்கது யாருன்னு. மாமா! நேரா இவிய முன்னால போய் நின்னான். என்னமோ கத்தினான். இங்கிலீஷ்ல இல்ல, தமிழ்ல. மேல இருந்த எங்களுக்கு வார்த்தை கேக்கல, ஆனா தமிழ்னு தெரியுது. இவிய எடுத்த துணியை மறுபடியும் வீசினாவ.

வெள்ளைத்தொப்பி ஓடி வந்தான். என்ன சொன்னான் பையன்னு கேட்டிருக்கணும். இவிய அவன் காதுல ஏதோ சொன்னாவ. அந்த வெள்ளைத்தொப்பி ஒரு நிமிசம் குனிஞ்சு தன் வயித்தைப் பாத்துக்கிட்டான். பிறகு தலையை ஆட்டினான். கோச் ஒருத்தன் ஓடி வந்து, என் பையன் அவன் பாஷையில பேசினா அது குத்தமாங்கான். அதுக்குள்ள நிரஞ்சன் மறுபடியும் அதே வார்த்தையை, இன்னும் சத்தமா. இவிய மறுபடியும் துணி. அம்புட்டுதான். வாய்க்கொழுப்பு ரெண்டாந்தடவைன்னா ஆளு வெளிய. பதினஞ்சு கெஜம் நடந்தாவ, பிறகு இன்னொரு பதினஞ்சு கெஜம் நடந்தாவ. வெள்ளைத்தொப்பி பந்தை எடுத்துக்கிட்டு முன்னால, எங்க வீட்டு மனுசன் பின்னால, பொணத்துக்குப் பின்னால போற மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

தோத்துட்டோம். தோத்தா என்ன, எத்தனை தோத்திருக்கான். ஆனா வெளிய அனுப்பினா அடுத்த மேட்ச்சும் ஆடக் கூடாதாம். அடுத்ததுதான் அவனுக்குப் பள்ளிக்கூடத்துல கடைசி மேட்ச். இங்க ஒரு வழக்கம் உண்டு, கேட்டியளா? கடைசி வருசத்துப் பிள்ளைங்க அன்னிக்குப் பெத்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ள நடந்து வருவாவ, மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாவ. நிரஞ்சன் என்கிட்டச் சொல்லியிருந்தான், அத்தை, ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நீ. அதுக்குன்னு அரக்குக் கலர்ல ஒரு பட்டு எடுத்து வச்சிருந்தேன். பெத்தவளுக்கு இருக்க எடத்துல என்னையும் நிக்கச் சொன்ன பிள்ளை அது. அந்தச் சேலை இன்னும் மடிப்புக் கலையாம இருக்கு.

மறு வாரம் சங்கத்துல அவசரக் கூட்டம் போட்டாவ. செங்குட்டுவன் ஐயா எந்திரிச்சாரு. "ஆயிரம் பேர் கூடிய அயல் மண்ணில் ஓர் இளைஞன் அன்னைத் தமிழில் வாய் திறந்தான். பதினைந்து கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டான். மீண்டும் வாய் திறந்தான். மைதானத்தை விட்டே துரத்தப்பட்டான். துரத்தியவன் யார்? வெள்ளையனா? இல்லை, ஒரு தமிழன்!" ஒரே கைதட்டு. தமிழ்ல பேசினதுக்கு அபராதம் போட்டதைக் கண்டிச்சு ஒரு தீர்மானம். பேதில போவான், பிள்ளைங்களுக்கு வணக்கம் சொல்ல வராதேன்னு மேடையில அழுதவன், இப்ப அவன் என்ன தமிழ் பேசினான்னு கூடத் தெரியாம கைதட்டு வாங்குதான்.

ஒரு புண்ணியவான் மட்டும் கேட்டான், தம்பி அப்படி என்னதான் சொன்னாருங்க? எல்லாரும் எங்க வீட்டு மனுசனைப் பாத்தாவ. சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அசிங்கமா எதையாவது சொல்லியிருந்தான்னா இவிய பக்கம் நியாயம் வந்துரும்லா. இவிய எந்திரிச்சு, "அதைச் சொல்ல மாட்டேன். அபராதம் போட்டாச்சு, அதோட முடிஞ்சிட்டு"ன்னாவ. உக்காந்துட்டாவ. வாயில கொழுக்கட்டையை அடைச்சு வச்ச மாதிரி.

அப்ப தில்லை திரும்பிப் பாத்தா. அவியளை இல்லம்மா, என்னை. என்னை எதுக்குப் பாக்கணும்? துணியை வீசினது நானா?

அன்னியில இருந்து அவ என்கிட்டப் பேச்சில்ல. போன் போட்டா எடுக்க மாட்டா. தீபாவளிக்கு எப்பவும் அவ வீட்டுலதான் நாங்க பலகாரம் சுடுவோம். அந்தத் தடவை நான் ஒருத்தியா இங்க சுட்டு நானே தின்னேன்.

நான் சும்மா விடுவனா? ஒரு நாள் அவிய உக்காந்து அந்தக் கறுப்பு ஷூவுக்கு பாலீஷ் போட்டுக்கிட்டு இருந்தாவ. முன்னால போய் நின்னேன். அந்தப் பய என்ன சொன்னான்னு இப்பச் சொல்லலைன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னேன். அவிய நிமிந்து பாக்காம, மெதுவா, "பேதில போவான்னு சொன்னான்"னாவ.

எனக்குச் சிரிப்பு அடங்கல. "இதுக்கா? இந்த ஒத்த வார்த்தைக்கா? இது ஒரு திட்டா? எங்கம்மா என்னையக் கூப்பிட்டதே அப்படித்தான. பாசத்துல வார வார்த்தைல்லா இது! அந்த வெள்ளைத்தொப்பிகிட்ட என்னன்னு சொல்லித் தொலைச்சிய?"

"நான் வயித்தால போய்ச் சாகணும்னு சொல்லுதான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்க ஊர்ல இது பெரிய திட்டான்னு கேட்டான். தினமும் கேக்கதுதான், ஆனா மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லும்போது வலிக்கும்னேன்."

எப்படிப் பேச்சு பாருங்க! வலிக்குமாம். சரி, அதை அந்தக் கூட்டத்துலயே சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருப்பாவல்லா, ஏன் சொல்லலைன்னு கேட்டேன். அதுக்கு அவிய, "இந்த ஊர்ல அந்த வார்த்தையைச் சொல்லுதது யாருன்னு அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும் கோமதி"ங்காவ.

இது எப்படி இருக்கு? இருநூறு தமிழ்க் குடும்பம் இருக்கு இங்க. அதுல எங்க பக்கத்துக்காரங்க நாங்க மட்டுந்தான்னு வச்சுக்கிடுங்க. அதுக்காக? ஒரு வார்த்தை எங்க ஊரு வார்த்தைன்னா அது நான் சொல்லிக் குடுத்ததுதான்னு ஆயிருமா? அவன் எங்கயாவது கம்ப்யூட்டர்ல பாத்துப் படிச்சிருப்பான்.

நான் விடல. "சரி, திட்டு வாங்கினது நீங்கதான? அபராதம் வேணுமா வேண்டாமான்னு கேக்க வழக்கம் உண்டுல்லா? வளத்த பிள்ளைதானேன்னு வேண்டாம்னு விட்டிருக்கலாம்லா?" அவிய ப்ரஷைக் கீழ வச்சாவ. "அது ஆடுதவங்களுக்கு உள்ள உரிமை. ரெஃப்ரிக்குக் கிடையாது. வீட்டுலதான் எனக்கு அது உண்டு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வேண்டாம் வேண்டாம்னுதான சொல்லிக்கிட்டு வாரேன்."

என்ன வேண்டாம்னு சொன்னாவ? நான் வச்ச எதை இந்த மனுசன் வேண்டாம்னு சொல்லியிருக்காவ? வச்சதையெல்லாம் தின்னுட்டுப் போற ஆளு. என்னத்தைச் சொல்லுதியன்னு கேட்டேன். ப்ரஷை எடுத்து ஷூவைத் தேய்க்க ஆரம்பிச்சிட்டாவ. அதுல ஏற்கனவே மூஞ்சி தெரியுது, இன்னும் என்னத்தைத் தேய்க்க?

இதுல பெரிய அநியாயம் எது தெரியுமா? மார்ச்சு மாசம் மளிகைக்கடையில நாங்க ரெண்டு பேரும் நிக்கோம். தில்லை வாரா. நேரா அவியகிட்ட வந்து, "அண்ணா, முட்டுவலி எப்படி இருக்கு, நான் சொன்ன தைலம் போடறீங்களா?"ன்னு சிரிச்சுப் பேசுதா. பக்கத்துல நான் மரமா நிக்கேன், என் பக்கம் கண்ணு கூடத் திரும்பல. வெண்டைக்காயைப் பொறுக்கிக்கிட்டுப் போயிட்டா. நிரஞ்சனும் அப்படித்தான். அவியளுக்கு போன் பண்ணுவான். மன்னிப்பு கேட்டானாம். ரெண்டு பேரும் போன்ல சிரிக்கது எனக்கு அடுப்படி வரைக்கும் கேக்கும். தப்புப் பண்ணினது அந்தப் பய, துணியை வீசினது இந்த மனுசன். அவங்க ரெண்டு பேரும் ராசியாயாச்சு. என்னைத்தான் இன்னமும் பின்னால பின்னால தள்ளிக்கிட்டுப் போறாவ. நான் யாரை என்ன செஞ்சேன்?

உங்க பையனைச் சேருங்கம்மா, சேக்காம இருங்க. அது உங்க இஷ்டம். எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கிடும்.

கொஞ்சம் இருங்க, அதுக்குள்ள எந்திரிச்சிட்டிய. போன சனிக்கிழமை தில்லை இவியளைச் சாப்பிடக் கூப்பிட்டா. நிரஞ்சன் இந்த ஞாயித்துக்கிழமை காலேஜுக்குப் போறான்லா, ஏதோ கலிஃபோர்னியாவுல. "அண்ணா, நீங்க வாங்க"ன்னு சொன்னாளாம். ரெண்டு பேரும்னு சொல்லல. உன்னையச் சொல்லி ஏதாவது கேக்கட்டுமான்னு அவிய வாசல்ல நின்னு கேட்டாவ. நான் எதுக்கு, எனக்கென்ன வந்துச்சுன்னேன். போயிட்டு வந்தாவ. கையில ஒரு டப்பா. எங்க ஊருச் சொதி. தில்லை எனக்குன்னு குடுத்துவிட்டாளா, இல்ல இவியளாக் கேட்டு வாங்கிட்டு வந்தாவளா, கேட்டா சொல்ல மாட்டேங்காவ. சிதம்பரத்துக்காரிக்குச் சொதி வைக்க யாரு சொல்லிக் குடுத்தா? நான்தான். வாயில வச்சுப் பாத்தேன். தேங்காப்பால் திக்காவே இல்ல, இஞ்சியும் பத்தாது. அங்கனயே அடுப்படியில நின்னுக்கிட்டே டப்பாவை வழிச்சுத் தின்னேன். அழுகையா வந்துச்சு. புகைன்னு சொல்லலாம்னா இந்த ஊரு அடுப்புல புகையும் கிடையாது.

அந்த டப்பாதான் இது. வெறும் டப்பாவைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா, அதான் மனோகரம் பண்ணிப் போட்டிருக்கேன். முறுக்கைப் பிழிஞ்சு பாகுல போட்டுப் புரட்டணும், பாகு பதம் தப்புனா கல்லாப் போயிரும். நேத்து ரெண்டு தடவை பதம் தப்பிட்டு, மூணாவதுதான் சரியா வந்துச்சு. அந்தப் பயலுக்கு இதுன்னா உசிரு. சின்னதுல மடியில உக்காந்து ஒட்டின பாகைக் கையில இருந்து நக்குவான். ஹாஸ்டல்ல இதெல்லாம் எவன் குடுப்பான்?

நீங்க இருக்கதும் அந்தத் தெருதான? பச்சைக் கதவு. உள்ள போக வேண்டாம், மணியை அடிச்சுக் குடுத்துட்டு வந்துருங்க. ஞாயித்துக்கிழமை காலையில அவன் கிளம்பிருவான், அதுக்குள்ள.

தில்லை கேப்பா, யாரு குடுத்துவிட்டான்னு. அவிய குடுத்தாவன்னு சொல்லுங்க. அவியளுக்கு வெந்நி வைக்கக் கூடத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. நீங்க அவிய குடுத்தாவன்னே சொல்லுங்க.